அம்மா வந்து அழைத்துப் போனார்

மதிய ஷிப்ட் நர்ஸுகளை இறக்கிவிட்ட வேனில் காலை ஷிப்ட் நர்ஸுகள் ஏறி உட்கார்ந்தார்கள். ஹெப்சிபா எப்போதும்போல வெயில் விழாத பக்கமாக இடம் பிடித்து, கைப்பையை மடியில் வைத்து, ஷூவிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, போனைத் திறந்தாள். ஷிப்ட் முழுக்க லாக்கருக்குள் கிடக்கிற போன். எடுத்ததும் அவள் முதலில் பார்ப்பது வாட்ஸ்அப்பை அல்ல, வீட்டுக்காரர் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்றும் அல்ல. பாளையங்கோட்டையில் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் ஆப்பைத்தான். அதில் தேதிக்கு ஒரு கட்டம். பிள்ளை வகுப்பில் இருந்தால் கட்டம் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்தால் ஜெருஷா எழுந்தாள், குளித்தாள், இட்லியில் பாதியை வைத்துவிட்டு ஓடினாள், ரெட்டைச் சடை ஆட ஆட ஆட்டோவில் ஏறினாள் என்பதெல்லாம் நடந்துவிட்டதாக அர்த்தம்; மஸ்கட்டில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு அன்றைக்கும் உலகம் ஒழுங்காக விடிந்துவிட்டதாக அர்த்தம். இன்றைக்குக் கட்டம் மஞ்சளாக இருந்தது. பாதி நாள். அவள் மஞ்சளைத் தொட்டாள். உள்ளே ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு குறிப்பு. ஜெருஷாவுக்கு மூன்றாம் பீரியடில் வயிற்று வலி. சிக் ரூமில் படுக்க வைக்கப்பட்டாள். அம்மா வந்து அழைத்துப் போனார்.

அம்மா வந்து அழைத்துப் போனார். வேன் கேட்டைத் தாண்டி வளைந்தது, அவளும் எல்லோரோடும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தாள், எழுத்து மட்டும் சாயாமல் அப்படியே நின்றது. எந்த அம்மா? அந்த நேரத்தில் அம்மா ஏழாம் நம்பர் பெட்டில் ஓர் ஓமானிக் கிழவருக்கு டிரிப் மாற்றிக்கொண்டிருந்தாள். அவர் வலிக்கிறது என்று கையை இழுத்தார், அம்மா அவர் புறங்கையைத் தடவிக்கொடுத்து, தெரிந்த நாலு அரபி வார்த்தையில் இதோ முடிந்தது என்றாள். அதே நேரத்தில் அதே அம்மா பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்து கேட்டில் நின்று கையெழுத்துப் போட்டு, பிள்ளையின் புத்தகப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றியிருக்கிறாள். ரூபி. வேறு யார்? வீட்டுக்காரரின் தங்கச்சி ரூபி. சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இரண்டே வருஷத்தில் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தவள். ஜெருஷா ஒன்றாங்கிளாஸ் படிக்கிறபோது, இந்த வேலைக்கு விசா வந்த அன்றைக்கு, ஹெப்சிபாவே அவளை அடுப்படியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிள்ளையப் பாத்துக்கிடுவியா ரூபி? என் பிள்ளை மாதிரி பாத்துக்கிடுதேன் மைனி என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் ஹெப்சிபாவுக்கு விமானம் ஏறுகிற தைரியமே வந்தது. என் பிள்ளை மாதிரி. அந்த ‘மாதிரி’ என்ற சொல் எப்போது உதிர்ந்தது? யார் தட்டிவிட்டது? அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உதிரவில்லை, பார்க்காதபோது உதிர்ந்திருக்கிறது. பார்க்காதபோதுதானே எல்லாமே நடக்கிறது.

"ஹெப்சி அக்கா, அந்தத் திரையை இழுத்து விடுங்களேன், கண்ணு கூசுது" என்றாள் பின் சீட்டிலிருந்து நாகர்கோவில்காரி ஷைனி. ஹெப்சிபா திரையை இழுத்தாள். வெளியே வெள்ளை வெள்ளையாகக் கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் மொட்டைப் பாறை மலை, ஒரு பச்சைக்கும் இடம் தராத மலை. திரை அதை மூடியது. வயிற்று வலி. இப்போதுதான் அந்த வார்த்தை அவளுக்குள் இறங்கியது. அம்மா என்ற வார்த்தையில் தடுக்கி விழுந்து கிடந்ததில் பிள்ளைக்கு வலி என்பதையே தாண்டிப் போயிருக்கிறாள். இவள் எல்லாம் ஒரு தாய். எந்தப் பக்கத்து வலி? வலப்பக்கம் கீழேயா, தொப்புளைச் சுற்றியா? வாந்தி உண்டா? காய்ச்சல்? சிக் ரூம் நர்ஸ் ஒன்றும் எழுதவில்லை. இவளாக இருந்தால் நாடி, சூடு எல்லாம் எழுதி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதி, தண்ணீர் குடித்தாளா என்று எழுதியிருப்பாள். அங்கே வெறும் வயிற்று வலி. ஏழாங்கிளாஸ் பிள்ளை. பன்னிரண்டு வயது நடக்கிறது. பன்னிரண்டு வயது. மூன்றாம் பீரியடில். வயிற்று வலி என்று மட்டும், வேறு ஒன்றுமே எழுதாமல். ஆப்பை அப்பாமாரும் பார்ப்பார்கள் அல்லவா, ஆபீஸ் கிளார்க்கும் பார்ப்பார் அல்லவா, அதனால் மானம் மரியாதையாக வயிற்று வலி என்று மட்டும். ஹெப்சிபாவின் காது இரண்டும் சூடாயின. குதிகாலைச் செருகி ஷூவைப் போட்டுக்கொண்டாள், இறங்கி ஓடப்போகிறவளைப் போல. என் பிள்ளை சடங்காயிட்டா.

இருக்காது. ஏன் இருக்காது? போன மாதம் வீடியோவில் வந்தபோது மூக்கின் இருபுறமும் பரு இருந்தது. நெற்றியில் எண்ணெய் வழிந்தது. முகத்தைக் கழுவு மக்களே என்றாள் இவள், அத்தை கடலமாவு போட்டு விடுதாங்கம்மா என்றது பிள்ளை. அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் எடுத்துச் சொல்லத் தெரியும் இவளுக்கு. ஊர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது எத்தனை பிள்ளைகளை உட்காரவைத்து, பயப்படாதே, இது நோய் இல்லை, உன் உடம்பு வளருகிறது என்று சொல்லியிருக்கிறாள். தன் பிள்ளைக்குச் சொல்ல வைத்திருந்ததை மட்டும் மே மாதத்து லீவுக்கு என்று எடுத்து வைத்திருந்தாள், நல்ல சேலையை மடித்து வைக்கிற மாதிரி. குவார்ட்டர்ஸில் கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில் ஒரு சின்னப் பை இருக்கிறது, ஜிப் வைத்தது, மஞ்சளும் நீலமுமாகப் பூப் போட்டது. அதற்குள் வைக்க வேண்டியதெல்லாம் வைத்து, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்காரவைத்து, முதலில் இவள் கதையைச் சொல்லி, பிறகு அவள் கதையைச் சொல்வதாக இருந்தது. இவள் கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. போர்டிங்கில் படிக்கும்போது நடந்தது. வார்டன் அக்கா ஒரு பழைய துணியைக் கையில் கொடுத்து, குளிச்சிட்டு வந்து படு, பிள்ளைகளைத் தொடாத என்றாள். வீட்டுக்குத் தகவல் போய்ப் பெற்ற அம்மை வருவதற்குள் எல்லாம் ஓய்ந்து போயிருந்தது. அம்மை வந்து தலையைத் தடவினாள். தடவும்போது இவளுக்கு அழுகை வரவில்லை. அழ வேண்டிய அழுகையையெல்லாம் குளியலறையில் பக்கெட்டுக்குப் பக்கத்தில் அழுது முடித்திருந்தாள். என் பிள்ளைக்கு இப்படி ஆக விடமாட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு வைராக்கியம். இப்போது தான்தான் அந்த அம்மை. ஆனால் ஜெருவுக்கு வார்டன் அக்கா இல்லை, ரூபி இருக்கிறாள். ரூபி பழைய துணியைக் கொடுத்துப் போய்ப் படு என்று சொல்லமாட்டாள். கட்டிப்பிடித்திருப்பாள். தலையைத் தன் வயிற்றோடு வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். அதுதான் தாங்கவில்லை. துணியைக் கொடுத்து விரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாமோ?

ஆண்டவரே, அது அப்பெண்டிக்ஸாக இருக்கட்டும். வலப்பக்கத்து வலியாக இருக்கட்டும். அந்த நினைப்பு வந்து போனபிறகுதான் என்ன நினைத்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நெற்றியை முன் சீட்டுக் கம்பியில் வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் வயிற்றைக் கிழித்தாலும் பரவாயில்லை, அந்தக் கட்டிப்பிடிப்பு ரூபிக்குக் கிடைக்கக் கூடாது. இப்படியும் ஒரு தாய் நினைப்பாளா? நினைத்தாயிற்றே. சபையில் சாட்சி சொல்லும்போது, பிள்ளையைத் தேவன் கையில் விட்டுட்டு வந்தேன், அவர் நடத்துதார் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். தேவன் கையில் விட்டதாகத்தான் அவளும் நம்பினாள், விட்டது என்னவோ ரூபி கையில். அந்தக் கை மெத்தென்ற கை. போன வருஷம் லீவில் போயிருந்தபோது சடை பின்னிவிட உட்காரவைத்தால் பிள்ளை தலையைத் தலையை இழுத்தது. அம்மா, நீங்க இறுக்கிப் பின்னுதீங்க, அத்தை பின்னுனா வலிக்காது. அன்றைக்கு ராத்திரி இடி இடித்தது. பக்கத்தில் படுத்திருப்பது இவள். பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு, இவள் சேலையைப் பிடித்துக்கொண்டே, அத்தை என்றது. இவள் ம் என்றாள். ஆமாம், ம் என்றாள். அத்தை என்று கூப்பிட்டதற்கு அத்தையாகவே ம் கொட்டினாள், பிள்ளை தூங்கிவிட்டது. இன்னொன்று உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். ஜெரு அத்தையை நீ என்கிறது. அத்தை, நீ இங்க வா. அத்தை, நீ பொய் சொல்லுத. அம்மாவை நீங்க. அம்மா, நீங்க சாப்பிட்டீங்களா? அம்மா, நீங்க எப்ப வாரீங்க? எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று ஷைனிகூடச் சொன்னாள். மரியாதை யாருக்கு வேண்டும்?

போனை எடுத்து ரூபியைக் கூப்பிட்டாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி. ஓய்ந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இவளுக்கு இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. லாக்கரில் போன் கிடக்கும் என்று தெரியும்தான், இருந்தாலும் ஒரு வரி போட்டு வைக்கக் கூடாதா? உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருப்பாள். கருப்பட்டி காய்ச்சி வடிகட்டி, நல்லெண்ணெய் ஊற்றி ஊற்றி, கை வலிக்கக் கிண்டிக்கொண்டு. பக்கத்து வீட்டு டெய்சி டீச்சர் மதில் வழியாக எட்டிப் பார்த்து, என்ன ரூபி, வாசம் தூக்குது என்பாள், ரூபி சொல்லமாட்டாள், சிரிப்பாள், அந்தச் சிரிப்பிலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். வள்ளியூரில் இருக்கிற தாய்மாமனுக்கு யார் சொல்லுவார்கள்? இவள் கூடப்பிறந்த தம்பிக்கு இவள் சொல்ல வேண்டியதை ரூபி சொல்லுவாள். தம்பி பெண்டாட்டி, நல்லா வளத்துட்ட ரூபி என்பாள். ஆலயத்தில் சொல்லுவார்கள், பெத்தவ எங்கயோ கெடக்கா, வளத்தவ கையில பிள்ள ஆளாயிட்டுது. வீட்டுக்காரருக்குப் போட்டாள். ஜெபராஜ் தூத்துக்குடி ஹார்பரில் இருந்தார், பின்னால் கிரேன் சத்தம் இரைந்தது.

"ஜெரு பாதியிலேயே ஸ்கூல்லருந்து வந்திருக்கா, தெரியுமா?" என்றாள்.

"யாரு சொன்னா?"

"ஆப்புல இருக்கு. வயித்து வலின்னு."

"ரூபி ஒண்ணும் சொல்லலியே. காலையில பூரி தின்னா, அதுவா இருக்கும். நீ அங்கருந்துக்கிட்டு கெடந்து பதறாத. அவ பாத்துக்கிடுவா."

அவ பாத்துக்கிடுவா. இந்த வாக்கியத்தை வைத்துத்தான் இந்தக் குடும்பமே ஓடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சலா, அவ பாத்துக்கிடுவா. பேரண்ட்ஸ் மீட்டிங்கா, அவ பாத்துக்கிடுவா. ஆனால் இவருக்கும் சொல்லவில்லை என்பதில் முதலில் ஒரு சின்ன ஆறுதல், அடுத்த நொடியே அதைவிடப் பெரிய எரிச்சல். தகப்பனுக்கும் சொல்லவில்லை, தாய்க்கும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு இவளுக்கு இருக்கிற ஒரே ஜன்னல் இந்த ஆப். இதிலும் ரூபி எட்டிப் பார்க்கிறாள். ஹோம்வொர்க் என்று ஏதாவது வந்தால் அதற்குக் கீழே யார் பார்த்தார்கள் என்று பேர் விழும். இவள் ஷிப்ட் முடிந்த கையோடு திறப்பாள், முதலில் தன் பேர் விழட்டும் என்று. அங்கே ரூபியின் பேர் ஏற்கெனவே விழுந்து கிடக்கும். ரூபிக்கு இது ஒரு பந்தயம் என்றே தெரியாது. தெரியாமலே ஜெயிக்கிறாள். வகுப்பு டீச்சருக்கு இவள் பத்தி பத்தியாக, இலக்கணம் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதுவாள், ஜெருஷாவின் கணக்கில் கவனக்குறைவு பற்றி, அவளுடைய வாசிப்பு பற்றி. டீச்சர் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், அவ்வளவுதான். ரூபி ஓகே மிஸ் என்று இரண்டே வார்த்தை போடுவாள், அதற்கு டீச்சர், தேங்க்யூ ரூபி, நேத்து நீங்க குடுத்த அதிரசம் சூப்பர் என்று எழுதுவார். ஸ்போர்ட்ஸ் டே போட்டோ வந்தது. ஜெரு ரிலேயில் ஓடுகிறாள், வாய் திறந்திருக்கிறது, கண்ணில் ஜெயிக்கிற வெறி. இவள் விரலால் விரித்து விரித்துப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஓரத்துக்குப் போனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரூபி, இவள் அனுப்பிய மயில் கழுத்துச் சேலையில், அவளும் வாயைத் திறந்தபடி. இரண்டு பேர் வாயும் ஒரே மாதிரி திறந்திருந்தது. ரத்த சம்பந்தம்தானே, அத்தைக்கும் மருமகளுக்கும் வாய் ஒன்றுபோல் இருப்பதில் என்ன அதிசயம்? ஆனால் அன்றைக்கு இவள் சாப்பிடவில்லை.

விரல் தானாக ஆப்பின் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டது. பிள்ளையின் விவரம். ரத்த வகை, முகவரி, ஆட்டோ டிரைவர் நம்பர். அதற்குக் கீழே, பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள். ஜெபராஜ், தந்தை. ரூபி, தாய். ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தாய் என்றுதான் இருந்தது. ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்து, எந்தக் கூச்சமும் இல்லாமல். அப்படியானால் இவள் யார்? இவள் பேர் மேலே இருந்தது, கணக்கைத் தொடங்கியவர் என்று, பேங்க்கில் போடுவதைப் போல. சிக் ரூம் நர்ஸ் மேல் தப்பு இல்லை, ஆப்பில் உள்ளதை அவள் எழுதியிருக்கிறாள். கேட்டில் வாய் தவறிச் சொன்னதில்லை இது, அவசரத்தில் வந்ததில்லை. உட்கார்ந்து, யோசித்து, தாய் என்பதைத் தேர்ந்து பதிந்து வைத்திருக்கிறது. ரூபிக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டிப் படம். கணக்கைத் தொடங்கியவருக்கு மட்டும் உள்ள உரிமை. தொட்டாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கேட்டது. வேன் சிக்னலில் நின்றது, ஏசி மூச்சு வாங்கியது, டிரைவர் பாட்டைக் குறைத்தார், எல்லாமே அவளுடைய பதிலுக்காக நிற்பதைப் போலிருந்தது. ஆம் என்று அழுத்தினாள். ரூபி போய்விட்டாள். தந்தை மட்டும் தனியாக நின்றார். வயிற்றுக்குள் பனிக்கட்டி விழுந்ததைப் போல ஒரு குளிர்ச்சி, சுகமாகத்தான் இருந்தது. சிக்னல் விழுந்து வேன் நகர்ந்து, மசூதி வளைவைத் தாண்டும்வரை சுகமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் நாளைக்கு என்று ஒன்று நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பிள்ளைக்கு மறுபடி வலித்தால்? கேட்டில் ரூபி நிற்பாள், வாட்ச்மேன் பட்டியலைப் பார்ப்பார், நீங்க யாரும்மா என்பார். பிள்ளை சிக் ரூம் கட்டிலில் சுருண்டு கிடக்கும். ஜெபராஜ் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டும். இவள் இங்கிருந்து என்ன செய்வாள்? திரும்பச் சேர்க்கலாம் என்று விரலைக் கொண்டுபோனபோது போன் கைக்குள் அதிர்ந்தது. ரூபி.

"மைனி, கூப்பிட்டியளா? போனு சைலன்ட்டுல கெடந்துது, இப்பத்தான் பாத்தேன்." குரலைத் தாழ்த்திப் பேசினாள், கொல்லைப்புறத்துக்கு வந்திருக்க வேண்டும், காக்கைச் சத்தம் கேட்டது. "டியூட்டி முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு. ஜெரு எங்க? என்ன செய்யுது அவளுக்கு?"

"நல்லா இருக்கா மைனி. பயப்படாதிய. ஒண்ணும் இல்ல" என்றாள்.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் பாதியில கூட்டியாந்த?"

"அது… நான் சொல்லப்படாது மைனி. அவ சொல்லிட்டா, அம்மாட்ட நான்தான் சொல்லுவேன், நீயும் சொல்லப்படாது, அப்பாவும் சொல்லப்படாதுன்னு. அண்ணனுக்குக்கூட நான் வாயத் திறக்கல. ஒங்க டியூட்டி முடியுற நேரத்தக் கேட்டுக் கேட்டு மணியப் பாத்துக்கிட்டே இருக்கா. களி கிண்டித்தாரேன்னா, அம்மாட்ட சொல்லாம ஒண்ணும் தின்னமாட்டேன்னுட்டா. வெறும் வயித்தோட இருக்கா, பாத்துக்கிடுங்க." கடைசி வார்த்தையில் குரல் லேசாக நடுங்கியது. "ஆட்டோவுல வரும்போது நான்தான் மைனி பக்கத்துல இருக்கேன், என் கையத்தான் பிடிச்சிருக்கா, வாயில மட்டும் அம்மா அம்மாங்கா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

ஒரு மாதிரி ஆயிட்டு. அந்த ஒரு மாதிரி எது என்று ஹெப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அதனோடுதான் அவள் சோறு தின்கிறாள், அதனோடுதான் படுக்கிறாள். அது ரூபியிடமும் இருக்கும் என்று ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை. அவளுக்குத்தான் எல்லாம் கிடைத்துவிட்டதே, அவளுக்கு எதற்கு அது?

"மைனி, இன்னொண்ணு" என்றாள் ரூபி. "இப்ப சித்த முந்தி ஸ்கூல்லருந்து எனக்கு ஒரு மெசேஜு வந்துது. முழுக்க இங்கிலீசு. என் பேரு இருக்கு அதுல. பாதி நாள்ல கூட்டியாந்ததுக்கு ஏதும் எழுதிக் குடுக்கணுமோ? ஜெருட்ட காட்டுனேன். படிச்சா. படிச்சிட்டு ஒண்ணும் பேசமாட்டேங்கா. முகம் ஒரு மாதிரி இருக்கு. இரிங்க, அவட்ட குடுக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் காலடிச் சத்தம் கேட்டது, வீட்டுக்குள் போகிற சத்தம், இந்தா மக்களே, அம்மா, என்ற சத்தம். பிறகு ஒரு கதவு மூடுகிற சத்தம். வேன் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள், ஷைனி தோளைத் தொட்டு இறங்கலியா அக்கா என்றாள், இவளும் இறங்கினாள். வெயில் தலையில் அடித்தது. போனுக்குள் பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஜெரு" என்றாள்.

"அம்மா, அத்தை பேர நீங்கதான எடுத்தீங்க?"

ஆப்பில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம். ரூபியாக இருந்தால் நம்புவாள். "ஆமா மக்களே."

"எதுக்கு?"

எதுக்கு? சுவர் ஓரமாக ஒரு சாண் நிழல் கிடந்தது, அதில் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள். பொறாமை என்ற வார்த்தையைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வேறு எந்த வார்த்தையும் வாயில் வரவும் இல்லை. "அதுல அத்தை பேருக்குப் பக்கத்துல அம்மான்னு போட்டிருந்துது. எனக்குத் தாங்கல."

"அத போட்டது நான்தாம்மா."

"நீயா?"

"போன மாசம் யாரு கூப்பிட வருவாங்கன்னு ஆப்புல பதியச் சொன்னாங்க, அத்தை போன்லருந்து நான் பதிஞ்சேன். அதுல அத்தைன்னே இல்ல. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, டிரைவர், அவ்வளவுதான் இருந்துது. அத்தைய டிரைவர்னா போட முடியும்?" பிள்ளையின் குரல் உடைந்தது. "அத்தைக்கு அது தெரியவே தெரியாது. கேட்டுல இன்னைக்கு அம்மாவான்னு கேட்டதுக்கு அத்தை முழிச்சா. நான்தான் ஆமான்னேன். வலிச்சுதும்மா. சீக்கிரம் வீட்டுக்குப் போணும் போல இருந்துது."

ஹெப்சிபா சுவரில் தலையைச் சாய்த்தாள். சுண்ணாம்பு சூடு மண்டைக்குள் ஏறியது. சிரிப்பு வந்தது, டிரைவர் என்ற வார்த்தைக்கு, சிரிக்க முடியவில்லை. அந்தப் பக்கம் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ரூபியின் குரல், தூரத்திலிருந்து, வெள்ளந்தியாக: "ஏட்டி, என்ன மெசேஜாம்? அம்மாட்ட கேட்டியா? நான் நாளைக்கு ஸ்கூலுக்கு வரணுமாமா?"

ஹெப்சிபா கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளை சொல்லப்போகிறது. சொன்னால் தப்பில்லை, உள்ளதைத்தானே சொல்லும். ரூபி கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசமாட்டாள், அடுப்படிக்குப் போய்க் களியைத் துழாவுவாள், நாளையிலிருந்து மைனி என்று கூப்பிடும்போது அந்த மைனியில் எங்கேயோ ஒரு கல் கிடக்கும். அது சாகிற வரைக்கும் கிடக்கும்.

"ஆப்புல ஏதோ கோளாறாம் அத்தை" என்று ஜெரு கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "எல்லார் வீட்டுக்கும் வந்திருக்காம். அம்மா சரி பண்ணிருவாங்க."

"அவ்வளவுதானா? நான் பயந்துட்டேன்" என்றது அந்தக் குரல், காலடி விலகிப் போனது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் பூரி தின்றுவிட்டுப் போன பிள்ளை, ஒரு பெரிய மனுஷியைப் போல, அம்மாவின் அசிங்கத்தை முந்தானையால் மூடிவிட்டது. ஹெப்சிபா கண்ணில் வந்ததைத் தோள்பட்டையில் துடைத்தாள், யூனிபார்மில் மருந்து வாடை அடித்தது.

"இப்பவே சரி பண்ணிருங்கம்மா" என்றாள் ஜெரு, குரலைத் தாழ்த்தி. "அத்தைக்குத் தெரிஞ்சா அழும்."

"பண்ணிருதேன்."

"அம்மான்னு போடாண்டாம்னா போடாண்டாம். பாட்டின்னு போடுங்க."

"நீ போட்ட மாதிரியே போடுதேன் மக்களே."

சொல்லிவிட்டாள். சொல்லும்போது உள்ளே ஏதோ நறுக்கென்று கடித்தது, பழைய இடத்தில், பழைய பல். போய்விடும் என்று அவள் நினைக்கவில்லை. லீவில் போகும்போதும் சடையைப் பின்ன ரூபியிடம்தான் ஓடும், இடி இடித்தால் அத்தை என்றுதான் கத்தும். இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள், இருக்கட்டும் என்பதும் முழு மனதாக வரவில்லை. அடுப்படியில் கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம் கடல் தாண்டிக் கேட்டது.

"அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜெரு. "ஒருவேளை ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க நர்ஸு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் ஹெப்சிபா. நிழல் போதாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீ சொல்லு. மொதல்லருந்து சொல்லு. மூணாவது பீரியடு என்ன பாடம்?"

"சயின்ஸு" என்று பிள்ளை தொடங்கினாள்.